ஐம்பதாவது பெயர்

நிமிஷத்துக்கு அறுபது சொட்டு. சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் ஒரு துடி துடித்தால் மேலே குழாயில் ஒரு சொட்டு, அடுத்த துடிப்புக்கு அடுத்த சொட்டு. ஞானதீபம் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டாள், அறுபதேதான். நூறு வைத்திருக்க வேண்டும். பிரஷர் தொண்ணூறுக்கு அறுபது என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு எவளாவது அறுபதில் விடுவாளா? நூறில் விட்டிருந்தால் ஒரு மணிக்கெல்லாம் பாட்டில் காலியாகி எழுந்து உட்கார்ந்திருக்கலாம். இப்போது மணி பன்னிரண்டரை, இன்னும் பாதி கிடக்கிறது, இரண்டு மணிவரை இப்படியே மல்லாந்து கிடந்து மேலே பார்க்க வேண்டியதுதான். வயசு ஐம்பத்தெட்டு, ஒரேயடியாக ஏற்றினால் நெஞ்சுக்கு ஆகாது, மெதுவாகத்தான் விடவேண்டும், செண்பகவல்லி செய்ததுதான் சரி என்பது ஞானதீபத்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தான் கோபம் இன்னும் கூடியது. பதினோரு வருஷமாகத் தான் தலைமை நர்ஸாக இருக்கிற இந்தப் பெண்கள் வார்டிலேயே, ஏழாம் நம்பர் கட்டிலில், தனக்குக் கீழே வேலை பார்க்கிற ஒருத்தி தன்னைக் கிழவி என்று கணக்குப் போட்டு மருந்து ஏற்றுகிறாள். ஊசியாவது ரெண்டு குத்துக் குத்தியிருந்தால் திட்டியிருக்கலாம். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டாள், பாவி. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள், அவள் செயலாளராக இருக்கிற நர்ஸுகள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் மாநில அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஐம்பது பேர் இருந்தால் மாவட்டக் கிளை இருக்கும். நாற்பத்தொன்பது என்றால் கிளை கிடையாது, கலைத்துப் பக்கத்து மாவட்டத்தோடு ஒட்டிவிடுவார்கள். கிளை இல்லை என்றால் மாதாமாதம் அதிகாரிகள் கூட்டத்தில் நர்ஸுகளுக்கென்று இருக்கிற ஒரு இடமும் போய்விடும். அடுத்த மாதக் கூட்டத்தில் மதிய ஷிப்டுக்கு இரண்டு வார்டுக்கு ஒரு நர்ஸ் போதும் என்று தீர்மானம் கொண்டுவருகிறார்கள். இரண்டு வார்டுக்கு ஒருத்தி. அறுபத்து நாலு கட்டிலுக்கு ஒருத்தி. எழுந்து நின்று முடியாது என்று சொல்ல ஆள் வேண்டாமா? அந்த ஆள் இங்கே கையில் ஊசியோடு படுத்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வாரமாக மாடி மாடியாக ஏறி இறங்கினாள். ஐந்து மாடி, லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்று தானே போர்டு எழுதி மாட்டியதனால் படியில்தான் ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு பதில். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லுகிறேன் அக்கா என்றாள் ஒருத்தி. வீட்டுக்காரரைக் கேட்டா நீ மூத்திரக் குழாய் போடுகிறாய்? சங்கம் என்றால் ஸ்டிரைக், ஸ்டிரைக் என்றால் மெமோ, எனக்கு வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. ஆபரேஷன் தியேட்டரில் ஒருத்தி, வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாளாம், போகப்போகிற இடத்தில் சேர்ந்துகொள்கிறாளாம். போ, அங்கே போய் அவர்கள் பாடுபட்டு வாங்கி வைத்ததை அனுபவி, இங்கே நாங்கள் வாங்கி வைத்ததை அனுபவித்தது போதாதா? எல்லாவற்றுக்கும் மேலே பிரசவ வார்டில் அந்தக் கண்ணாடிக்காரப் பெண், போனைப் பார்த்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், அதான் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோமே, சங்கம் எதற்கு என்றாள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். கால் மேல் கால் போட்டுக்கொண்டு. அந்த நாற்காலி எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியுமா? ஞானதீபத்துக்கு அங்கேயே வயிறு எரிந்தது. முந்நூற்று நாற்பது பேர் இருந்த சங்கம். மகாசபை என்றால் மண்டபம் கொள்ளாது, சர்ச்சிலிருந்து ஜமுக்காளம் கடன் வாங்கி வராந்தாவில் விரிப்பார்கள். முந்நூற்று நாற்பது, இருநூற்று எண்பது, நூற்றுத் தொண்ணூறு, எண்பத்தாறு, நாற்பத்தொன்பது. ரிட்டயர் ஆகிறவர்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கிறார்கள், உள்ளே ஒருத்தி வருவதில்லை. ஜுர சார்ட்டில் இப்படி இறங்கினால் சந்தோஷப்படலாம். நாடித் துடிப்பு இப்படி இறங்கினால் டாக்டரைக் கூப்பிட ஓடவேண்டும். யாரைக் கூப்பிட?

அந்த நாற்காலி. இவள் வேலைக்கு வந்த வருஷம் வார்டில் நாற்காலி டாக்டருக்கு மட்டும்தான். நர்ஸ் நின்றுகொண்டே எழுத வேண்டும், நின்றுகொண்டே மருந்து எடுக்க வேண்டும், நின்றுகொண்டே வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வீட்டுக்குப் போனால் கணுக்கால் அதிரசம் மாதிரி ஊதியிருக்கும். மனு கொடுத்தார்கள், பதில் இல்லை. மறுபடி கொடுத்தார்கள், இட வசதி இல்லை என்று பதில் வந்தது. அப்போது செயலாளராக இருந்த ராஜாமணி அக்காதான் அந்த யோசனையைச் சொன்னாள். வேலையை நிறுத்த வேண்டாம், ஒரு ஊசிகூடத் தாமதமாக வேண்டாம், எழுதுகிற நேரம் வந்தால் மட்டும் எல்லாரும் தரையில் உட்கார்ந்து எழுதுங்கள் என்றாள். வெள்ளைச் சேலையோடு, தலையில் தொப்பியோடு, வார்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், மடியில் கேஸ் ஷீட். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஒவ்வொரு ஷீட்டையும் குனிந்து கையில் வாங்க வேண்டியதாயிற்று. முதல் நாள் முப்பத்திரண்டு தடவை குனிந்தார். நோயாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், அடுத்த வாரம் வார்டுக்கு ரெண்டு நாற்காலி வந்து இறங்கியது. தரையின் குளிர்ச்சி இப்போதும் தொடையில் இருக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்தது நானூறு ஐந்நூறு பேர் இல்லை, இந்த ஆஸ்பத்திரியில் இருந்தது தொண்ணூறு பேர், தொண்ணூறு பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி நின்றிருந்தால்கூட மற்ற எல்லாருக்கும் மெமோ வந்திருக்கும். இன்றைக்கு உட்காரச் சொன்னால் யார் உட்காருவாள்? போட்டோ எடுத்து அனுப்புவார்கள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கட்டைவிரல் படத்தைப் பார்த்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்துக் கட்டில்காரி, பீடி சுற்றுகிறவள், சர்க்கரை ஏறி வந்து நாலு நாளாகக் கிடக்கிறவள், எழுந்து உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டருக்கே டிரிப்ஸா என்று கேட்டுவிட்டுத் தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றித் தரட்டுமா என்றாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் படியேறினால் தலை சுற்றாமல் என்ன செய்யும் என்று அவளே காரணத்தையும் சொன்னாள். நேற்றுவரை இவளைக் கண்டால் தட்டில் இருந்த இனிப்பை ஒளித்து வைத்தவள். ஞானதீபம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். படுத்துக்கொண்டு பார்த்தால் வார்டே வேறு மாதிரி இருக்கிறது, இத்தனை வருஷத்தில் இந்தக் கூரையை ஒருநாளும் பார்த்ததில்லை. காறை பெயர்ந்த இடம் இவள் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கிறது, விழுந்தால் மூஞ்சியில்தான் விழும், இந்தக் கட்டிலில் எத்தனை பேர் இதைப் பார்த்துப் பயந்துகொண்டே படுத்திருப்பார்கள், ஒருத்திகூடச் சொல்லவில்லையே. சொல்லியிருப்பார்கள். பேசாமல் படு என்று இவள் சொல்லியிருப்பாள். அந்தக் கோடியில் செண்பகவல்லி பதினெட்டாம் கட்டிலில் குனிந்து நிற்கிறாள். முதுகு தெரிகிறது, கழுத்தில் வியர்வை தெரிகிறது. ஒன்பது வருஷம் தொகுப்பூதியத்தில் கிடந்து ரெண்டு மாசத்துக்கு முன்னால்தான் நிரந்தரம் ஆனவள், விதிப்படி இப்போது சங்கத்தில் சேரலாம். ஐம்பதாவது ஆள். ஐந்து மாடி ஏறி இறங்கி, கண்ணாடிக்காரியிடமும் வீட்டுக்காரரைக் கேட்கிறவளிடமும் கெஞ்சிய ஞானதீபம், தன் மேஜைக்கு எதிரிலேயே தினமும் எட்டு மணி நேரம் நிற்கிற இவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நேரம் வரவில்லை. கூடவே இருக்கிறவள்தானே, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அதுதான் காரணம். வேறு என்ன காரணம்? அந்த ஈரக் கோட்டு, அது பழைய கதை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வாயைத் திறந்து பேசாத ஜாதி இவள், முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிற இடத்தில் இவள் மட்டும் சிஸ்டர் என்பாள். மரியாதைக் குறைவு இல்லை. மரியாதைதான். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

தலையணைக்கு அடியில் கையை விட்டு ஞானதீபம் பிளாஸ்டிக் பைலைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது. விழுந்தபோது கையில் இருந்தது இதுதான், மருந்து அறைக்கும் மேஜைக்கும் நடுவில் கால் மடங்கியது, தாள் எல்லாம் பறந்தது ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் முகத்தில் தண்ணீர். யாரோ பொறுக்கி அடுக்கி இங்கே வைத்திருக்கிறார்கள். யார்? மரகதமாக இருக்கும். வார்டு ஆயா மரகதம்தான் கீழே எது விழுந்தாலும் எடுப்பாள், அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூட வராது, நல்லவேளை. நல்லவேளை என்று நினைத்ததுமே பைலை இன்னும் உள்ளே தள்ளினாள். ஏனென்றால் கடைசித் தாளில், நாற்பத்தொன்பதுக்குக் கீழே, ஐம்பது என்று போட்டு, செண்பகவல்லி, செவிலியர், பெண்கள் மருத்துவ வார்டு, சேர்ந்த நாள் இன்றைய தேதி என்று காலையிலேயே எழுதியாகிவிட்டது. நீல மசியில், தன் கையெழுத்தில். படிவம் காலியாக இருக்கிறது, அதில் ஒரு கையொப்பம் மட்டும்தான் பாக்கி, மதியம் டீ குடிக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டாள். ரெண்டு மணி ஜுரத்தைப் பன்னிரண்டு மணிக்கே எழுதி வைக்கிற மாதிரி. வேலை ஜாஸ்தி, ரெண்டு மணிக்கு முப்பத்திரண்டு பேருக்குத் தெர்மாமீட்டர் வைக்க முடியாது, காலையில் தொண்ணூற்றெட்டு என்றால் மதியமும் தொண்ணூற்றெட்டுத்தான் இருக்கும் என்று பெண்கள் முன்கூட்டியே சார்ட்டை நிரப்பிவிடுவார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். அதற்காக இவள் எத்தனை பேரைக் கிழித்திருக்கிறாள். ஒருதடவை ஒரு டிரெய்னிங் பெண் அப்படி எழுதிவைக்க, அந்த நோயாளி ஒண்ணேகாலுக்குச் செத்துப்போனாள். செத்தவளுக்கு ரெண்டு மணிக்கு ஜுரம் இல்லை, நாடி எழுபத்தாறு. உறவுக்காரர்கள் கையில் அந்தச் சார்ட் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பெண்ணை வார்டு நடுவில் நிற்கவைத்துக் கேட்டாள், அழ அழக் கேட்டாள். நடக்காததை நடந்ததாக எழுதுகிற கை நர்ஸ் கை இல்லை என்று சொன்ன வாய் இதுதான். ஆனால் இது வேறு. இது இவளுக்காகவா எழுதியது? இரண்டு மாசத்தில் ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போகிறவளுக்குக் கிளை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இரண்டு வார்டுக்கு ஒருத்தியாக ஓடப்போவது இவளா? இந்தச் செண்பகவல்லிதானே ஓடப்போகிறாள். அவள் காலுக்காகத்தான் அவள் பெயரை எழுதியது. அப்படிச் சொல்லிப் பார்த்தாள், மனசுக்குள்ளேயே இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். அவளுக்காக எழுதியது என்றால் அவளைக் கேட்டு எழுதினால் என்ன?

பாட்டிலில் கால் பங்குதான் மிச்சம். மணி ஒண்ணு இருபது. சாப்பாட்டு வண்டி வந்து போனது, சாம்பார் வாசம் வந்தது, குமட்டியது. கேட்டிருப்பாள், என்ன பெரிய விஷயம், கேட்டால் அவள் என்ன சொல்லுவாள் என்பதுதான். வருவேன் என்றும் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு என்ன செய்தீர்கள் என்றும் கேட்கலாம். அன்றைக்கு என்ன செய்தோம், விதிப்படி செய்தோம். ஏழு வருஷம் ஆகிறது, இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு தொகுப்பூதியப் பெண்கள் வந்தார்கள், முன்னால் வந்தவள் இவள்தான், வயிறு முன்னே தள்ளிக்கொண்டிருந்தது, ஏழாம் மாசம். கையில் ஒரு கட்டு. நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம், எல்லாம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, கயிறு கிடைக்காமல் பாண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நுனியை உள்ளே மடித்துச் செருகி, புண்ணுக்குக் கட்டுகிற மாதிரியே அவ்வளவு சுத்தமான கட்டு. ஞானதீபம் அதை அவிழ்க்கவே இல்லை. விதி மூன்று, நிரந்தரப் பணியாளர்கள் மட்டுமே என்று புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டினாள், நிரந்தரம் ஆனதும் வாங்க என்று கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் வெளியே போனபிறகு செயற்குழுவில் ஆறு பேர் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள், ஆறு பேர் கூடாது என்றார்கள். விதியைத் தளர்த்தச் செயற்குழுவுக்கு அதிகாரம் இருந்தது. செயலாளரான இவள் ஓட்டு யார் பக்கமோ அவர்கள் பக்கம். இவள் கையைத் தூக்கவில்லை. ஏன்? நேற்று வந்தவர்கள், நூற்றுப் பன்னிரண்டு பேர், அடுத்த தேர்தலில் தங்களில் ஒருத்தியைச் செயலாளராக ஆக்கிவிடுவார்கள். ராஜாமணி அக்கா உட்கார்ந்த இடத்தில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை வந்து உட்காரும். அவ்வளவுதான் காரணம், அவ்வளவேதான், விதியுமில்லை ஒன்றுமில்லை. இதை இவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. உள்ளே ஒருத்தி வருவதில்லை, ஒருத்தி வருவதில்லை என்று ஒரு வாரமாக மாடி ஏறிக் கத்தினாளே, நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், வாசலில் நின்றார்கள், கதவைச் சாத்தியது யார்? கூட்டம் முடிந்தும் போகாமல் செண்பகவல்லி மட்டும் வெளியே நின்றாள். சேர்க்க வேண்டாம் சிஸ்டர், எனக்குப் பிரசவ லீவு கிடையாதாம், சங்கத்தின் பெயரில் ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் கொடுங்க என்றாள். உறுப்பினர் இல்லாதவளுக்கு லெட்டர்பேடைத் தொட முடியாதும்மா என்று இவள் சொன்னாள். அம்மா என்று அன்பாகத்தான் சொன்னாள். பிள்ளை பெற்ற இருபத்து நாலாம் நாள் அவள் டியூட்டிக்கு வந்தாள். இதே வார்டு. பதினோரு மணிக்கு மார்பில் ரெண்டு வட்டமாக ஈரம் பரவ ஆரம்பித்தது, வெள்ளைக் கோட்டு ஒட்டிக்கொண்டது, அவள் கேஸ் ஷீட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டே ஊசி டிரேயை ஒரு கையில் தூக்கினாள். பார்வையாளர் நேரம், ஆண்கள் எல்லாம் நின்றார்கள். பேஷன்ட் வீட்டு ஆளுங்க பாக்காங்க, போய் வேற கோட்டு மாத்திட்டு வா என்று ஞானதீபம்தான் சொன்னாள். மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு மணிக்கு அதுவும் நனைந்தது. மூன்றாவது கோட்டு அவளிடம் இல்லை. அந்தப் பால் வாசம், சாம்பார் வாசத்துக்கு நடுவில் இப்போது எங்கேயிருந்து வருகிறது? இந்தக் கோபம் ஒரு வாரமாக எத்தனை பேர் தலையில் இறங்கியது, கண்ணாடிக்காரி, வெளிநாட்டுக்காரி, வீட்டுக்காரரைக் கேட்கிறவள், எத்தனை பேர். ஒருத்திகூடத் தகுந்த ஆள் இல்லை. தகுந்த ஆள் ஏழாம் நம்பர் கட்டிலில் கிடக்கிறது. ஞானதீபத்துக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளவேண்டும் போல இருந்தது, ஒரு கையில் ஊசி இருந்தது, இன்னொரு கை பைலைப் பிடித்திருந்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது செண்பகவல்லி வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள், மறுபடி பிரஷர் எடுத்தாள், நூற்றுப் பத்துக்கு எழுபது என்று எழுதினாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஞானதீபம். ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி வாயில் பழகிய பேச்சு ஒன்று இருந்தது, நாற்காலியில் ஆரம்பித்து இரண்டு வார்டுக்கு ஒருத்தியில் முடிகிற பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"உன்ட்ட ஒரு கையெழுத்து கேக்கணும்" என்றாள்.

"ஐம்பதாவதுதான சிஸ்டர்" என்றாள் செண்பகவல்லி, பிரஷர் பட்டையைச் சுருட்டிக்கொண்டே. "நீங்க விழுந்தப்ப தாளெல்லாம் பொறுக்குனது நான்தான். எம் பேரு இருந்துச்சு. பாத்தேன்."

மூன்று மணி நேரமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் நரம்பு தேடினாள், தெரிந்துகொண்டேதான் சொட்டு எண்ணி வைத்தாள், முகத்தில் ஒன்றையும் காட்டாமல் ரெண்டு தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ஞானதீபத்துக்குக் காதெல்லாம் சூடாயிற்று. கோபப்படத்தான் வந்தது, பழக்கம், யாரைக் கேட்டுத் தாளை வாசித்தாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். கையெழுத்துப் போடுவாயா மாட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததால் செண்பகவல்லி திரையை இழுத்துவிட்டாள். பிறகு, இரண்டு வார்டுக்கு ஒரு நர்ஸ் என்கிற பேச்சு தன் காதுக்கும் வந்தது, கிளை வேண்டும் என்பதும் புரிகிறது என்றாள். அன்றைக்கு விண்ணப்பம் போட்ட நூற்றுப் பன்னிரண்டு பேரில் எழுபது பேர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள் என்றாள். சத்தமே உயரவில்லை.

"அவங்கள வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள வரமாட்டேன் சிஸ்டர். நீங்க எழுதினது எழுதினபடியே போகட்டும்னா போகட்டும். யாரு கேட்டாலும் நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

அப்படியே போகட்டும். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, படிவத்தை யார் பார்க்கப் போகிறார்கள், மாநில அலுவலகத்துக்குப் பட்டியல்தான் வேண்டும். ஐம்பது ஐம்பதுதான். கிளை நிற்கும், அடுத்த மாதம் எழுந்து நின்று முடியாது என்று சொல்லலாம், இவளே காவல் நிற்கிறேன் என்கிறாள். ஒரு நிமிஷம் ஞானதீபம் அதைப் பிடித்துக்கொண்டாள். முழு நிமிஷம். அன்றைக்கு ஒரு லெட்டருக்குத் தன்னிடம் வந்து நின்றவள், இன்றைக்குத் தனக்கு ஒரு பொய்யைத் தானம் தருகிறாள், அதுவும் கேட்காமல். வாங்கிக்கொண்டால் சாகிறவரைக்கும் இவள் முகத்தைப் பார்க்க முடியாது. வாங்காவிட்டால் முந்நூற்று நாற்பது பேர் இருந்த சங்கம் இன்றைக்கு ஐந்து மணிக்குத் தன் கையில் செத்துப்போகும், ராஜாமணி அக்காவுக்கு என்ன பதில் சொல்ல? எழுபது பேர் வெளியே நிற்கிற சங்கம் உயிரோடு இருக்கிறது என்று எழுதியனுப்பினால் அக்கா சந்தோஷப்படுவாளா? பைலை எடுத்தாள். பேனா கேட்டாள். செண்பகவல்லி தன் மேல்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பைலைத் தாங்க இடது கையைத் தூக்கியதும் குழாயில் ரத்தம் சிவப்பாக மேலே ஏறியது, செண்பகவல்லி அந்தக் கையை மெதுவாகக் கீழே தாழ்த்திவிட்டு, தாளைத் தானே பிடித்துக்கொண்டாள். ஞானதீபம் ஐம்பதாவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பெயர் அடியில் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதினாள். மொத்தம் என்ற இடத்தில் நாற்பத்தொன்பது என்று எழுதினாள்.

சலைன் முடிந்திருந்தது. செண்பகவல்லி குழாயை அடைத்து, பிளாஸ்திரியை முடி வலிக்காமல் ஓரத்திலிருந்து உரித்து, ஊசியை உருவினாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். வெளியே மதிய ஷிப்டுக்காரி வந்துவிட்ட சத்தம் கேட்டது. ஞானதீபம் அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் விரலை மட்டும் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னைக்கு அந்த லெட்டர நான் எழுதியிருக்கணும்."

இல்லை சிஸ்டர் பரவாயில்லை, அதெல்லாம் எப்பவோ முடிஞ்சது, விடுங்க என்று யாரும் சொல்லுகிற ஒன்றைச் சொல்லுவாள் என்று அவளுக்குள் ஏதோ காத்திருந்தது.

"ஆமா சிஸ்டர்" என்றாள் செண்பகவல்லி. "எழுதியிருக்கணும்." பஞ்சை அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு வார்டை ஒப்படைக்கப் போனாள்.